முன்னும் பின்னும்: வரிசையுறவு வரைபடமும் தமிழ்க் காலவாராய்ச்சியும்

சிவகாசி அச்சகங்கள் ஆண்டுதோறும் ஆக்கி வழங்கும் பொருள்களுள் நாட்காட்டி பெயர்பெற்றது. தமிழ்நாட்டு இல்லங்களின் சுவர்களில் தொங்கும் அந்நாட்காட்டியில், நாளுக்கு ஓர் இதழாகத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பெற்றிருக்கும். எவ்விரண்டு இதழ்களை எடுத்துக்கொள்ளினும் அவற்றுள் முந்தியது யாது, பிந்தியது யாது என்பது ஐயமின்றி விளங்கும். அவ்வூர்க்குத் தெற்கே, பட்டாசுத் தொழிற்கூடங்கள் மிக்க வெம்பக்கோட்டைப் பகுதியில், வைப்பாற்றங்கரை மேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 2022 மார்ச்சுத் திங்களில் அகழாய்வு தொடங்கினர். 2023, 2024 ஆம் ஆண்டுகளில் அடுத்த இரு கட்டங்கள் நிகழ்ந்தன. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொருள்களும் நுண்கற்கருவிகளும் அங்குக் கிடைத்தன. அகழ்குழியின் மண்ணும் ஒன்றன்மேல் ஒன்றாகவே படிந்து கிடக்கும். ஆயினும், ஒரு குழியின் ஓர் அடுக்கையும் தொலைவிலுள்ள மற்றொரு குழியின் ஓர் அடுக்கையும் நோக்கி, இவற்றுள் இது முந்தியது என அவற்றின் கிடக்கையை மட்டும் கொண்டு கூறிவிடல் இயலாது.

ஒரே மாவட்டத்தில் அருகருகே காணப்பெறும் இவ்விரு அடுக்குகளும் காலத்தைக் காட்டும் இருவேறு முறைகளாம். தமிழிலக்கிய வரலாற்றிற்குக் கிடைத்துள்ள சான்றுகள் பெரும்பாலும் அகழ்குழியின் இயல்பின. நாம் அவற்றைக் கொண்டு எழுதும் வரலாறோ பெரும்பாலும் நாட்காட்டியின் வடிவினது. இவ்வேறுபாட்டினால் விளையும் பிழைகள் யாவை, அவற்றைத் தவிர்த்தற்குக் கணிதத்தார் வகுத்த வரிசையுறவு வரைபடமும், அதனை வரையும் புள்ளியியல் மென்பொருளும் எவ்வளவில் துணைபுரியும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

1. முழுவரிசையும் பகுதிவரிசையும்

'முந்தியது' என்னும் உறவிற்கு இரண்டு இயல்புகள் உண்டு. அ என்பது ஆ என்பதற்கு முந்தியதாயின், ஆ என்பது அ என்பதற்கு முந்தியதாகாது. இஃது ஒன்று. அ என்பது ஆ என்பதற்கும், ஆ என்பது இ என்பதற்கும் முந்தியனவாயின், அ என்பது இ என்பதற்கும் முந்தியதாகும். இதனைக் கணித நூலார் கடப்பு என்பர். இவ்விரண்டு இயல்பும் அமைந்த உறவு வரிசையுறவு எனப்படும். ஒரு தொகுதியின் எவ்விரண்டு உறுப்பினையும் இவ்வுறவால் ஒப்பிட இயலுமாயின் அது முழுவரிசை. சில இணைகளேனும் ஒப்பிடப்படாது நிற்குமாயின் அது பகுதிவரிசை. நாட்காட்டி முழுவரிசைக்கும், அகழ்குழி பகுதிவரிசைக்கும் எடுத்துக்காட்டாகும்.

ஒப்பிடப்படாமை வேறு, ஒத்த நிலைமை வேறு. இவ்வேறுபாட்டினைத் தொல்காப்பிய மரபியல் கொண்டு விளக்கலாம். உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக அடுக்கும் அவ்வியல், புல்லையும் மரத்தையும் ஓரறிவின எனவும், சிதலையும் எறும்பினையும் மூவறிவின எனவும் வகுக்கின்றது. புல்லும் மரமும் ஒரே படியின என்பது ஆசிரியர் கூற்றாலேயே பெறப்படுவது. ஆனால், இரு நூல்களுள் முந்தியது எது எனக் காட்டும் சான்று இல்லாதபோது, அவை ஒரே காலத்தன என்பது அதனாற் பெறப்படாது. சான்றின்மையை ஒருகாலத்தன்மைக்குச் சான்றாகக் கொள்வது காலவாராய்ச்சியில் எளிதில் நேரும் வழுவாகும்.

2. வரைபடத்தின் வரலாறு

பகுதிவரிசையினைப் பொதுநிலையில் வைத்து ஆராய்ந்தாருள் செருமானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் ஹௌஸ்டோர்ஃப் குறிப்பிடத்தக்கவர். அவர்தம் கணக்கோட்பாட்டு நூல் 1914 இல் வெளிவந்தது. இவ்வரிசையைப் படமாக வரையும் வழக்கம் அதனினும் பழைமையுடையது. ஹென்றி வோக்ட் என்பார் 1895 இல் வெளியிட்ட நூலிலேயே அத்தகைய படங்கள் காணப்படுகின்றன. பிற்காலத்தே இவற்றைச் சிறப்புறக் கையாண்ட ஹெல்முட் ஹாசே (1898–1979) என்பாரின் பெயரால் 'ஹாசே வரைபடம்' என்னும் வழக்கு ஊன்றிற்று. இப்பெயரினைப் பரப்பியவர், 1940 இல் பின்னற்கோட்பாடு பற்றிய நூலை வெளியிட்ட அமெரிக்க அறிஞர் கேரட் பிர்க்கோஃப் ஆவர்.

இவ்வரைபடத்தின் இலக்கணம் மூன்றே விதிகளில் அடங்கும். உறுப்பு ஒவ்வொன்றிற்கும் ஒரு புள்ளி இடுக. முந்தியதனைக் கீழும் பிந்தியதனை மேலும் வைத்துக் கோட்டால் இணைக்க. இடையிலுள்ள ஒன்றன் வாயிலாகப் பெறப்படும் உறவிற்குத் தனிக்கோடு இடாதொழிக. அ, ஆ, இ என்பன ஒன்றன்பின் ஒன்றாக வருமாயின், அ–ஆ, ஆ–இ என்னும் இரு கோடுகளே போதும். அ–இ என்னும் கோடு கடப்பினால் தானே பெறப்படுதலின் அது மிகையாம். மிகை நீக்கப்பெற்றமையால், உறவுகள் பலவாயினும் படம் தெளிவுடையதாகின்றது.

தொல்லியலார் இம்முறையினைத் தம் துறைக்கண்ணேயே வேறு வழியாற் கண்டனர். இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகர அகழாய்வுப் பதிவுகளைக் கையாண்ட எட்வர்டு ஹாரிஸ், மண்ணடுக்குகளின் உறவினைக் கட்டங்களாலும் கோடுகளாலும் காட்டும் ஒழுங்கினை 1973 இல் வகுத்தார். 1979 இல் வெளிவந்த அவர் நூலின் வாயிலாக அது பரவிற்று. மேல்மண் ஒன்று, அதன்கீழ் ஒன்றையொன்று தொடாத இரண்டு படிவுகள், அவ்விரண்டின் கீழும் ஒரு பழந்தளம் எனக் கொள்வோம். மேல்மண் ஓரிடத்தே பழந்தளத்தை நேரே தொட்டுக் கிடக்கினும், ஹாரிஸ் முறையில் அத்தொடர்பிற்குக் கோடு இடப்படாது. இடைப்பட்ட இரு படிவுகளுள் எது முந்தியது என்பதும் கூறப்படாது. படம் நாற்கோண மணி வடிவில் நிற்கும். தொல்லியலார் இதனை ஹாரிஸ் அணி என வழங்கினும், இஃது ஹாசே வரைபடமே என்பது வெளிப்படை.

3. உரையாசிரியர் நால்வர்

இதே மணிவடிவம் தொல்காப்பிய உரை வரலாற்றிலும் அமைந்து கிடக்கின்றது. இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் என்னும் நால்வரையும் எடுத்துக்கொள்வோம். 'ஒருவர் உரையை மற்றொருவர் மறுத்தல் அல்லது சுட்டுதல்' என்பதொன்றனையே சான்றாகக் கொள்வோம். மறுக்கப்படுபவர் முந்தியவர் என்பது சொல்லாமே அமையும்.

தொல்காப்பியம் முழுமைக்கும் உரைகண்ட இளம்பூரணரைச் சேனாவரையர் சொல்லதிகாரத்து மறுக்கின்றார். பேராசிரியரும் பொருளதிகாரத்து அவர் உரையை மறுக்கின்றார். நச்சினார்க்கினியர் சொல்லதிகார உரையில் சேனாவரையர் கொள்கையை எடுத்து மறுக்கின்றார். பொருளதிகார உரையில் பேராசிரியரைப் பெயர் சுட்டியே கூறுகின்றார். அவர் இளம்பூரணரை மறுக்கும் இடங்களும் உள. எனவே நால்வரிடை அமையும் ஆறு இணைகளுள் ஐந்திற்கு முன்பின் துணியப்படும். எஞ்சி நிற்பது சேனாவரையர்–பேராசிரியர் என்னும் ஓர் இணையே. சேனாவரையர் உரை சொல்லதிகாரத்திற்கு உரியது. பேராசிரியர்க்கு உரியதாக இன்று கிடைப்பது பொருளதிகாரத்தின் இறுதி நான்கு இயல்களின் உரை. இருவரும் உழுத நிலம் வேறாதலின், ஒருவர் மற்றவரை மறுத்தற்குரிய களம் அமைந்திலது. வெவ்வேறு குழிகளின் மண்ணடுக்குப் போன்றதே இந்நிலை.

வரைபடத்தில் இளம்பூரணர் அடியிலும் நச்சினார்க்கினியர் முடியிலும் நிற்பர். ஏனை இருவரும் இடையில் இருபாலும் நிற்பர். கோடுகள் நான்கு. இளம்பூரணர்–நச்சினார்க்கினியர் உறவு கடப்பால் பெறப்படுதலின் தனிக்கோடு பெறாது. இப்பகுதிவரிசைக்கு இயைந்த முழுவரிசைகள் இரண்டேயாம்: சேனாவரையரை முன்வைப்பது ஒன்று, பேராசிரியரை முன்வைப்பது மற்றொன்று. கல்வெட்டு முதலிய பிற சான்றுகளால் ஒன்றைத் துணியலாம். ஆனால், அத்துணிபு வேறு சான்றின் பயன் என்பதைப் படிப்போர் அறிதல் வேண்டும். நால்வரையும் ஒரே வரியில் எழுதிச் செல்லும் இலக்கிய வரலாறு, ஐந்து இணைகளுக்குரிய உறுதியினை ஆறாவதற்கும் தன்னையறியாமலே வழங்கிவிடுகின்றது.

4. கணிப்பொறியின் பணி

நால்வர்க்குக் கையாலேயே படம் வரையலாம். நானூறு பாடல்களுக்கோ, நூறு மண்ணடுக்குகளுக்கோ அஃது அரிது. அவ்வழியே புள்ளியியல் மென்பொருள் துணையாகின்றது. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்சும் அவர்தம் கூட்டாளரும் 1976 இல் தொடங்கிய 'எஸ்' என்னும் கணிமொழியின் வழிவந்தது 'ஆர்' என்னும் மென்பொருள். நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்து ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இருவர் அதனை உருவாக்கினர். அதன் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 இல் வெளிவந்தது. விலையின்றி யாவரும் பெற்று வழங்கத்தக்கதாதலின், சிறு கல்லூரிகளின் ஆய்வு மாணவர்க்கும் அது எட்டும். வரிசையுறவுகளைக் கையாளுதற்கு 'ரிலேஷன்ஸ்' என்னும் தொகுப்பும், படம் வரைதற்கு 'ஹாசேடயகிராம்' என்னும் தொகுப்பும் அதன்கண் உள்ளன.

செய்முறை எளிது. உரையாசிரியர் நால்வரின் பெயர்களையும் நிரையாகவும் நிரலாகவும் எழுதின் பதினாறு கட்டங்கள் அமையும். நிரையிலுள்ளவர் நிரலிலுள்ளவர்க்கு முந்தியவராயின் 'உண்மை' என்றும், அல்லாக்கால் 'இன்மை' என்றும் இடுதல் வேண்டும். நம் சான்றின்படி 'உண்மை' பெறும் கட்டங்கள் ஐந்து. மென்பொருள் கடப்பால் மிகையாவனவற்றை நீக்கி நான்கு கோடுகளுடன் படத்தை ஈகின்றது.

இதன் பயன் படம் அழகுறுதல் மட்டுமன்று. கட்டத்தை நிரப்புங்கால் ஒவ்வோர் இணைக்கும் 'சான்று யாது?' என்னும் வினா எழுகின்றது. உரைநடையில் 'பின்னர்', 'அடுத்து' என்னும் சொற்களால் இவ்வினாவைக் கடந்துவிடலாம். கட்டத்தின்முன் அது செல்லாது.

எனினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இத்தகைய படங்களைப் படிபடியாக அடுக்கும் முறையினைக் கோசோ சுகியாமாவும் அவர்தம் கூட்டாளரும் 1981 இல் வெளியிட்டனர். இன்றைய வரைபட மென்பொருள்கள் பல அதன் வழிப்பட்டன. அவை புள்ளிகளைப் படிகளில் நிறுத்துவது கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிடாமை முதலிய வசதி கருதியே. எனவே, ஒரே படியில் நிற்கும் சேனாவரையரையும் பேராசிரியரையும் ஒரே காலத்தவர் எனப் படித்தல் பிழை. இரு படிகளுக்கு இடைப்பட்ட உயரத்தை ஆண்டளவாகக் கொள்ளலும் பிழையே. கோடு உள்ளவிடத்து மட்டுமே படம் பேசுகின்றது.

5. சேரர் இருமரபு

இதுகாறும் கூறியது சிறு தொகுதி. சங்ககாலக் காலமுறை ஆராய்ச்சியில் இஃது எத்துணை முதன்மை பெறுகின்றது என்பதைப் பதிற்றுப்பத்தின் பதிகங்கள் காட்டும். அவற்றின்படி உதியஞ்சேரல் மகன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன். அவன் மகன் செங்குட்டுவன். மற்றொரு மரபில் அந்துவன் மகன் செல்வக் கடுங்கோ வாழியாதன். அவன் மகன் பெருஞ்சேரல் இரும்பொறை. தந்தை மகனுக்கு முந்தியவன் என்பது ஐயமற்றது. ஆகவே, மும்மூவர் கொண்ட இரண்டு சங்கிலிகள் நம் கையில் உள்ளன. ஒரு சங்கிலியினின்று மற்றதற்குச் செல்லும் கோடு பதிகங்களின் மரபுமுறையில் இல்லை.

இவ்வறுவரையும் ஒரே வரிசையில் நிறுத்துதற்கு எத்துணை வழிகள் உள? மும்மூவரின் அகமுறை மாறாமல் ஆறு இடங்களில் மூன்றைத் தெரிந்தெடுக்கும் வகைகள் இருபது. ஆதலின், இவ்வறுவரையும் வரிசைப்படுத்தி எழுதும் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் இருபதனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றார் என்க. உறுப்புகள் பெருகப் பெருக இவ்வெண்ணிக்கை மலைபோல் வளரும். பொதுவாக அதனைக் கணக்கிடுதல் கணிப்பொறிக்கும் அரிது என்பதைக் கிரஹாம் பிரைட்வெல், பீட்டர் விங்க்ளர் என்னும் இருவர் 1991 இல் நிறுவினர்.

இரு சங்கிலிகளையும் இணைத்தற்கு ஆராய்ச்சியாளர் நாடுவது ஒருகாலத்தன்மை. கே. என். சிவராஜ பிள்ளை, சங்க நூல்களில் வரும் அரசர், குறுநிலத் தலைவர், புலவர் ஆகியோரின் உடன்கால அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்டு பண்டைத் தமிழர் காலமுறையை ஆராய்ந்த நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1932 இல் வெளியிட்டது. கணிப்பொறி தோன்றுமுன், பாடினோர்–பாடப்பட்டோர் உறவுகளைத் திரட்டி ஓர் ஒழுங்கிற்குட்படுத்த முயன்ற அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் உடன்கால உறவினைக் கையாளுங்கால் ஒன்று மறக்கற்பாலதன்று: அதற்குக் கடப்பு இயல்பு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பதிற்றுப்பத்தில் செங்குட்டுவனைப் பாடியவர் பரணர். அதியமானின் கோவலூர் வெற்றியைப் பரணர் பாடினார் என்பது புறநானூற்று ஔவையார் பாட்டால் பெறப்படுகின்றது. பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானது தகடூரை எறிந்தவன். இரு செய்திகளிலும் வருபவன் ஒரே அதியமான் எனக் கொள்ளின், செங்குட்டுவன் பரணரோடும், பரணர் அதியமானோடும், அதியமான் பெருஞ்சேரலோடும் உடன்காலத்தவர் ஆவர். இதனாற் செங்குட்டுவனும் பெருஞ்சேரலும் உடன்காலத்தவர் எனத் துணியலாமோ? ஆகாது. பரணர் இளமையிற் செங்குட்டுவனையும் முதுமையில் அதியமானையும் பாடியிருக்கலாம்; மறுதலையாகவும் நிகழ்ந்திருக்கலாம். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு வாழ்நாளளவு நெகிழ்ச்சி உண்டு. இணைப்புகள் கூடுந்தோறும் நெகிழ்ச்சியும் கூடும்.

வாழ்நாளைப் புள்ளியாகக் கொள்ளாது, தொடக்கமும் முடிவும் உடைய இடைவெளியாகக் கொள்ளுதலே முறை. ஒருவர் வாழ்நாள் முடிந்த பின்னர் மற்றொருவர் வாழ்நாள் தொடங்குமாயின் மட்டும் முந்தியவர் எனல் வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாயின் உடன்காலம் எனல் வேண்டும். இத்தகைய வரிசையினை நோர்பெர்ட் வீனர் 1914 இலேயே ஆராய்ந்தார். பீட்டர் ஃபிஷ்பர்ன் 1970 இல் அதனை இடைவெளி வரிசை என்னும் பெயரால் விரித்தார். மேற்கூறிய தந்தை–மகன் சங்கிலி பிறப்பின் முறையைக் காட்டுவது. உடன்கால உறவு வாழ்நாட்களின் படிவைக் காட்டுவது. இரண்டனையும் ஒரே கட்டத்தில் இடுதல் இருவேறு அளவைகளால் அளந்ததை ஒன்றாகக் கூட்டுதலை ஒக்கும்.

புகழூர் ஆறுநாட்டார் மலைத் தமிழிப் பொறிப்புகளால் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறை அறியப்படுகின்றது. இது மூன்றாவது சங்கிலி. கல்லிற் காணும் முறை உறுதியானது. ஆயினும் இச்சங்கிலியின் பெயர்களைப் பதிற்றுப்பத்துப் பெயர்களோடு ஒன்றுபடுத்தல் தனித்ததோர் ஆராய்ச்சி முடிபு. அம்முடிபினை வரைபடத்தில் வேறு வண்ணக் கோட்டால் காட்டின், கல் கூறியது எது, நாம் கூறுவது எது என்பன மயங்கா.

6. வட்டமாகும் வரிசை

கட்டத்தை நிரப்புங்கால் சிலபோது அ என்பது ஆ என்பதற்கும், ஆ என்பது அ என்பதற்கும் முந்தியனவாக வந்து வட்டமாவதும் உண்டு. சிலப்பதிகாரப் பதிகம் இளங்கோவடிகள் அருளச் சாத்தனார் கேட்டதாகக் கூறும். மணிமேகலைப் பதிகமோ இளங்கோவடிகள் கேட்பச் சாத்தனார் உரைத்ததாகக் கூறும். 'கேட்டவர் நூல் பிந்தியது' என்னும் விதியொன்றை ஒருவர் மேற்கொள்வாராயின், ஒவ்வொரு காப்பியமும் மற்றதற்கு முந்தியதாய் முடியும். மென்பொருள் இதனை வரிசையாக ஏற்காது. அது நமக்கு நன்மையே. தவறு பதிகங்களிடத்தில் இல்லை. நாம் மேற்கொண்ட விதியிடத்தில் உள்ளது. கேட்டல் என்பது உடன்காலத்தைக் காட்டுமேயன்றி முன்பின்னைக் காட்டாது. கதை நிகழ்ச்சியிற் சிலப்பதிகாரம் முற்பட்டது என்பதும் நூல் இயற்றிய முறைக்குச் சான்றாகாது. ஆனால், மணிமேகலையின் சிறைசெய்காதை திருக்குறளை எடுத்தாளுதலின், குறள் அதற்கு முந்தியது என்பது கோடிடத் தக்கது.

7. முடிபு

அகழ்குழி ஒருமுறையே தோண்டப்படுவது. தோண்டிய அடுக்கு மீளாது. எஞ்சுவது அதன் உறவுகளின் பதிவே. வெம்பக்கோட்டை போன்ற இடங்களிற் கிடைக்கும் கரிமப் பொருள்களின் காலத்தைப் புள்ளியியல் முறையாற் கணிக்குங்கால், மண்ணடுக்கின் முன்பின் முறையும் கணக்கில் சேர்க்கத்தக்க சான்றாகும். ஆங்கே சான்றில்லாத ஒரு கோட்டினை இடின், அதனாற் பெறப்படும் ஆண்டுகளும் திரியும். இலக்கியத்திலும் இதுவே நிலை. சுவடிகள் பல அழிந்துபட்டன. எஞ்சியவற்றின் உறவுகளே நம் கைப்பொருள். சான்றில்லாத வரிசை ஒன்று பாடநூலில் ஏறிவிடின், பின்னர்க் கிடைக்கும் நற்சான்று அவ்வரிசையோடு போராடியே தன் இடத்தைப் பெறவேண்டியதாகின்றது. தமிழின் தொன்மைக்கு ஊறு செய்வது சான்றின் குறைவு அன்று. குறையை மறைத்தெழுதும் வரிசை அயலார் ஐயத்திற்கு இடமாதலே ஊறு செய்வது.

ஆகவே, காலவாராய்ச்சியில் ஈடுபடும் மாணவர் மூன்றனைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, தாம் கொள்ளும் உறவு பிறப்பு முறையோ, மறுப்பு முறையோ, உடன்காலமோ என வரையறுத்துக் கூறல். இரண்டாவது, ஒவ்வோர் இணைக்கும் சான்றினை அட்டவணையில் தனித்துக் காட்டல். மூன்றாவது, சான்றில்லாத இணையைக் கோடின்றியே விடுதல். மென்பொருள் நமக்காகச் சான்று தேடித் தாராது. ஆயினும், உள்ள சான்று எங்கே முடிகின்றது, நம் கருத்து எங்கே தொடங்குகின்றது என்பதைத் தெளிவுறக் காட்டும். சேனாவரையர்க்கும் பேராசிரியர்க்கும் இடையே கோடில்லாது நிற்கும் அவ்வெற்றிடமே, அடுத்த ஆராய்ச்சியாளர் தொடங்கற்குரிய இடம் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.